பழைய மெட்டு, புதுப் பாட்டு: நந்தன் முதல் கிந்தன் வரை

தேர்தல் வந்தால் சங்கராபுரம் கடைத்தெருவில் ஒரு நாளைக்குப் பத்து ஆட்டோவாவது மைக் கட்டிக்கொண்டு போகும். பத்திலும் சினிமா மெட்டு, வார்த்தை மட்டும் வேற. காதலியின் பேர் இருந்த இடத்தில் வேட்பாளர் பேர், நிலா இருந்த இடத்தில் சின்னம். கேட்கிற எல்லோருக்கும் சிரிப்பு வரும். கட்சிக்காரருக்கும் வரும், ஆனால் அவர் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

பழைய பாட்டை எடுத்து இன்றைய காலத்துக்கு மாற்றிப் பாடுவதை நாம உல்டா, பகடி என்கிறோம்.  யூடியூப் வந்த பிறகு முளைத்த விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நண்பர்களும் வாட்ஸப்பில் இதை நிறைய செய்திருக்கிறோம் (ஆபீஸ் அப்ரைசல் பற்றிய தாலாட்டு எங்கள் குழுவின் சூப்பர் ஹிட்). ஆனால் இது நூற்றாண்டு தாண்டிய சமாச்சாரம். அதிலும் ஒரே ஒரு கதை திரும்பத் திரும்ப அப்டேட் ஆகி வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இது எப்படி வேலை செய்யுது?

என் தொழில் சாஃப்ட்வேர் என்பதால் அந்தப் பாஷையிலேயே சொல்கிறேன். மெட்டு என்பது ஒரு சாக்கெட். அதில் எந்தப் பிளக்கையும் சொருகலாம், ஆனால் பின் அளவு சரியாக இருக்கணும். குறில், நெடில், ஒற்று எங்கெங்கே விழுது என்பதுதான் அந்த அளவு. 'தானன தானன' என்று வாயால் சொல்லிப் பார்க்கிற தத்தகாரம் எல்லாம் இதை அளக்கத்தான்.

கும்மி நடையில் நானே கட்டின இரண்டு வரி:

ஆத்துக்குப் போனவ தண்ணிய மொண்டவ
காத்துக் கெடந்தாளே பொன்னம்மா

இதை 2020க்குப் பிந்தைய காலத்துக்கு மாற்றினால்:

ஆப்புக்குள் போனவ ஓடிபி சொன்னவ
காப்புக்கு வெச்சதும் போச்சம்மா

இங்கே நடந்தது மூணு விஷயம். ஒன்று, சந்தம் உடையவில்லை. இரண்டு, ஆத்து-காத்து என்ற எதுகை போய் ஆப்பு-காப்பு வந்தது, எதுகை என்ற ஏற்பாடு அப்படியே இருக்கு. மூணாவதுதான் சிரிப்புக்குக் காரணம்: 'ஆப்பு' என்றால் செல்போனில் இருப்பதும்தான், நமக்கு அடிக்கிறதும்தான். கேட்கிறவர் மண்டையில் பழைய பொன்னம்மா ஆற்றங்கரையில் நிற்கிறாள், புதுப் பொன்னம்மா பேங்க் வாசலில் நிற்கிறாள். இரண்டு படமும் ஒரே நேரத்தில் ஓடுது. அந்த உரசலில்தான் சிரிப்பு வருது.

அதனால் பழைய பாட்டு கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது கட்டாயம். தெரியாத பாட்டை உல்டா பண்ணினால் அது வெறும் புதுப் பாட்டு.

ரீமிக்ஸ் இதற்கு நேர் எதிர். 1964இல் வந்த படகோட்டி படத்துக்கு வாலி எழுதி விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்த பாட்டு ஒன்றை, 40 வருடம் கழித்து 2004இல் நியூ படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் புதுப்பித்தார். அங்கே பாட்டு பழசு, உடுப்பு புதுசு. உல்டாவில் உடுப்பு பழசு, உள்ளே இருக்கிற ஆள் புதுசு.

வெர்ஷன் 1: சேக்கிழார்

நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் அவர் திருநாளைப்போவார். ஆதனூர்க்காரர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுப்பவர். தில்லைக்குப் போகணும் என்று ஆசை, 'நாளைக்குப் போவேன்' என்று தள்ளித் தள்ளிப் போடுகிறார், கடைசியில் போகிறார், தீயில் மூழ்கி உள்ளே செல்கிறார். பலர் கவனிக்காத ஒரு சங்கதி: சேக்கிழார் கதையில் கொடுமைக்கார ஆண்டை யாரும் கிடையாது.

வெர்ஷன் 2: கோபாலகிருஷ்ண பாரதியார்

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் அந்த ஆண்டை வருகிறார். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து அறுத்துக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் போ என்று நிபந்தனை போடும் வேதியர். அவர் கூலியாளிடம் பேசும் தோரணை, ஏச்சு, சேரிப் பெரியவர்களின் பயம் எல்லாம் பாட்டாகவே வருது. தஞ்சை வட்டாரப் பண்ணைகளில் அன்றைக்கு நடந்ததை அவர் ஒரு பழைய பக்திக் கதைக்குள் கொண்டுவந்து வைத்தார். இதுவும் அப்டேட்தானே?

அந்தக் காலத்திலேயே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. சிறப்புப்பாயிரம் கேட்டுப் போனபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணப் பிழைகள் இருப்பதால் பிடி கொடுக்காமல் நாள் கடத்தியதையும், பிறகு பாரதியார் பாடக் கேட்டு உருகிப்போய்க் கொடுத்ததையும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். இலக்கணம் தோற்று மெட்டு ஜெயித்த இடம் அது. கதாகாலட்சேபக்காரர்கள் வழியாக அந்த மெட்டுகள் தமிழ்நாடு பூரா பரவின. இன்றைய கணக்கில் சொன்னால் செம வைரல்.

வெர்ஷன் 3: சுப்பிரமணிய பாரதி

சுதேசி இயக்கக் காலத்தில் பாரதிக்குத் தேவைப்பட்டது ஜனங்களுக்கு ஏற்கெனவே வாயில் வரும் மெட்டு. நந்தனார் கையில் ரெடியாக இருந்தார். பாரதியார் கவிதைத் தொகுப்பில் தேசிய கீதங்கள் பகுதியைப் புரட்டினால், பல பாட்டுகளின் தலைப்புக்குக் கீழே நந்தனார் சரித்திரத்தில் உள்ள இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்ற குறிப்பைப் பார்க்கலாம்.

பழைய கதையில் சிதம்பரம் போகணும் என்ற நந்தனை ஆண்டை ஏசும் பாட்டு ஒன்று உண்டு. அதே மெட்டில் பாரதி, சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை ஓர் ஆங்கில உத்தியோகஸ்தன் ஏசுவதாக எழுதினார். பழைய கதையில் நந்தனின் புதுப் பைத்தியத்தைப் பார்த்துச் சேரிப் பெரியவர்கள் மிரளுவார்கள். அதே மெட்டில், புதிய கட்சித் தலைவரைப் பார்த்து நிதானக் கட்சியார் மிரளுவதாக ஒரு பாட்டு. நந்தன் தன் ஆண்டைக்குத் தான் அடிமையில்லை என்று சொல்லும் பாட்டு, பாரத தேவிக்கு மட்டுமே அடிமை என்று மாறியது. அதற்கு மெட்டோடு கருத்தையும் பின்பற்றியது என்றே குறிப்பு போட்டிருக்கிறார்கள்.

இந்த மேப்பிங்கைக் கவனியுங்க. ஆண்டை இருந்த இடத்தில் வெள்ளைக்காரன், நந்தன் இருந்த இடத்தில் மொத்த நாடும். சபையில் உட்கார்ந்து நந்தனார் காலட்சேபம் கேட்டுக் கண்ணீர் விட்ட பெரிய மனுஷர், இந்தப் பாட்டைக் கேட்டதும் தானே சேரியில் நிற்பதை உணர்வார். உன் வயலில் நந்தன் எப்படியோ, துரை முன்னால் நீ அப்படி என்பது பாட்டில் எங்கேயும் சொல்லப்படவில்லை. அதை மெட்டு சொல்லிவிடும்.

பாரதி சாமியாரையும் விடவில்லை. எங்க பக்கத்து வடலூர் வள்ளலாரின் பாட்டு ஒன்றைத் திரித்து, மிதவாதத் தலைவர் கோகலே பாடுவதாக ஒரு கிண்டல் பாட்டு எழுதினார். வள்ளலார் ஆண்டவனிடம் கேட்கும் கேள்விகளின் தொனியில், கோகலே அரசாங்கத்திடம் சீர்திருத்தம் கைக்குக் கிட்டுமா கிட்டாதா என்று ஏங்குகிறார். ஆண்டவன் இருந்த நாற்காலியில் வெள்ளை அரசாங்கத்தை உட்கார வைத்ததுதான் அதன் குத்தல்.

வெர்ஷன் 4: கலைவாணர்

1949இல் வந்த நல்ல தம்பி படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் செய்த கிந்தனார் காலட்சேபம் இந்த வரிசையில் சிகரம். வசனம் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு, கிந்தனார் பாட்டுகள் உடுமலை நாராயணகவி. நந்தன் கிந்தன் ஆனான். சிதம்பரம் போகணும் என்ற ஏக்கம், பட்டணம் போய்ப் படிக்கணும் என்று மாறியது. கடவுள் செய்த அற்புதத்துக்குப் பதில் ரயில் வந்தது. சாதி பார்க்காமல் எல்லோரையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிற ரயில்! அது ஓடும் சத்தத்தைக் கலைவாணர் வாயாலேயே கொண்டுவருவார்.

சிரிப்புக்கு நடுவில் அவர் சத்தமில்லாமல் ஒன்று செய்தார். பழைய கதையின் முடிவில் தீ இருக்கு. நந்தன் உள்ளே போகணும் என்றால் எரிந்து சுத்தமாகணும். கிந்தன் கதையில் தீ கிடையாது. அவன் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். ஒருத்தன் உள்ளே வருவதற்கு அவன் எதற்குப் பொசுங்கணும் என்ற கேள்வியை மேடையேறி யாராவது கேட்டிருந்தால் 1949இல் சண்டை வந்திருக்கும். கலைவாணர் கதையின் கடைசிப் பக்கத்தை மாற்றினார், ஜனம் கைதட்டியது.

நல்ல உல்டா எது?

மேலே சொன்ன வரிசையை வைத்து ஒரு விதி சொல்ல முடியும். வார்த்தையை மட்டும் மாற்றினால் அது 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்'. கடுதாசி என்ற இடத்தில் வாட்ஸப், மாட்டு வண்டி என்ற இடத்தில் பைக். ஒரு தடவை சிரிக்கலாம், அவ்வளவுதான். பழைய பாட்டில் யார் யாரை அதட்டுகிறார், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்ற உறவைப் பிடித்து, அதே உறவு இன்றைக்கு எங்கே இருக்கு என்று காட்டினால் அது நிற்கும்.

இது எங்க பக்கத்துத் தெருக்கூத்தில் இன்னும் உயிரோடு இருக்கு. பாரதக் கூத்தில் துரியோதனன் சபையில் கட்டியங்காரன் திடீரென்று ரேஷன் கடை வரிசையைப் பற்றிப் பேசுவார், பஞ்சாயத்துப் போர்டைக் கிள்ளுவார். அவர் ராஜாவின் வேலைக்காரர் என்பதால்தான் அந்தக் கிண்டல் எடுபடுது. விடிய விடிய முழிச்சிருக்கிற சனம் அப்போதுதான் துரியோதனனைத் தன் ஊரிலேயே அடையாளம் காணும்.

சட்டம் என்ன சொல்லுது?

எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு பாரா. சினிமாப் பாட்டில் வரிக்குத் தனி உரிமை, இசைக்குத் தனி உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. வரியையும் இசையையும் படைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவின்படி, முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழித்து முன்கூட்டித் தகவல் சொல்லி, ராயல்டி கட்டி கவர் வெர்ஷன் போடலாம். ஆனால் வரியை மாற்றக் கூடாது. ஆக அந்தக் கதவு உல்டாவுக்குத் திறக்காது. மிச்சம் இருப்பது விமர்சனத்துக்கான நேர்மையான பயன்பாடு என்ற 52ஆம் பிரிவு. பகடி என்ற சொல் நம் சட்டத்தில் இல்லை. இருந்தாலும், தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரன் வழக்கில், 1996இல் கேரள உயர்நீதிமன்றம் மூலத்தை விமர்சிக்கத்தான் அதை எடுத்தாண்டிருக்கிறார் என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மூலத்தோடு சண்டை போடும் உல்டாவுக்கு ஓரளவு நிழல் உண்டு. மெட்டு இனாமாகக் கிடைக்குதே என்று விளம்பரத்துக்கு எடுத்தால் அந்த நிழல் கிடைக்காது.

அடுத்த வெர்ஷன்

நல்ல தம்பி இன்னொரு காரியத்துக்காகவும் எடுத்த படம்: மதுவிலக்குப் பிரச்சாரம். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுக்க வந்திருந்த நேரம். அந்தப் படத்தில் கலைவாணர் குடிகாரனைப் பார்த்துப் பாடினார், சிரிக்க வைத்துத் திருத்தப் பார்த்தார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சங்கராபுரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். அந்த வாரம் என் வாட்ஸப்பில் குடிகாரனைக் கேலி செய்யும் பழைய சினிமாப் பாட்டு மெட்டில் இரண்டு உல்டா வந்தது. சந்தம் கச்சிதம், எதுகை சுத்தம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் மேலே சொன்ன விதி பிடிபட்டது. அந்த உல்டாக்களில் வார்த்தை மாறியிருந்தது, ஆள் மாறவில்லை. 1949இல் அடி வாங்கிய அதே கூலிக்காரன்தான் மறுபடி அடி வாங்கினான். பாக்கெட் போட்டு விற்றவன் பாட்டில் இல்லை. பார்த்தும் பாராத மாதிரி இருந்த உத்தியோகஸ்தன் இல்லை. பாரதியாக இருந்திருந்தால் முதலில் இவர்களைத்தான் பாட வைத்திருப்பார்.

அந்தப் பாட்டை இன்னும் யாரும் எழுதி நான் கேட்கவில்லை. மெட்டுக்கு ராயல்டி பயம் வேண்டாம். கும்மி இருக்கு, சிந்து இருக்கு, நந்தனார் கீர்த்தனை இருக்கு. ஆண்டை யார் என்று மட்டும் சரியாகப் பிடிக்கணும். எழுதினால் எனக்கும் அனுப்புங்க, தத்தகாரம் சரிபார்த்துத் தருகிறேன்.