கேப்சூல் காபி மெஷின்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காபி விளையும் மாநிலத்தின் தலைநகரம் பெங்களூரு. இந்தியக் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகத்தின் குடகு, சிக்கமகளூரு, ஹாசன் மாவட்டங்களிலிருந்து வருகிறது. காபி வாரியத்தின் தலைமையகமும் இங்கேதான். மல்லேஸ்வரம், பசவனகுடிப் பக்கம் கேட்ட கலவையை அப்போதே அரைத்துத் தரும் கடைகள் இன்றும் நடக்கின்றன. இதே ஊரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது கேப்சூல் மெஷின்களும் இடம்பிடித்து வருகின்றன.

தூள் அடைத்த கேப்சூலைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் காபி. தனியாக இருப்பவருக்கும், விடியுமுன் வேலைக்குக் கிளம்புபவருக்கும் வசதிதான். ஆனால் மெஷினோடு சேர்த்து ஒரு நிறுவனத்தின் தூள், அது சொல்லும் விலை, அது விட்டுச்செல்லும் குப்பை ஆகியவற்றுக்கும் நாம் பல ஆண்டுகளுக்குத் தலையாட்டுகிறோம். தலையாட்டும் முன் நம் உரிமைகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

கிராமுக்கு என்ன விலை?

எஸ்பிரெசோ கேப்சூல் ஒன்றில் பொதுவாக 5 முதல் 6 கிராம் தூள்தான் இருக்கும். உதாரணத்துக்கு, 10 கேப்சூல் 500 ரூபாய், உள்ளே மொத்தம் 55 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 9,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது! பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகள் (2011) எம்.ஆர்.பி., நிகர எடை, வாடிக்கையாளர் சேவைத் தொடர்பு ஆகியவற்றை அச்சிடச் சொல்கின்றன. ஓர் அலகுக்கு என்ன விலை என்பதையும் காட்ட வேண்டும் என்ற விதியும் இப்போது உண்டு. பெட்டி விலையை நிகர எடையால் வகுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் ஃபில்டர் தூளின் விலையோடு ஒப்பிடுங்கள்.

வேறு தூள் போடலாமா?

பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் காசு பார்க்கும் வியாபாரம் போன்றதுதான் இதுவும். நெஸ்ப்ரெஸ்ஸோவின் ‘ஒரிஜினல்’ வகை மெஷின்களுக்குப் பிற நிறுவனங்களும் கேப்சூல் தயாரிக்கின்றன. அதே நிறுவனத்தின் ‘வெர்ச்சுவோ’ வகையோ கேப்சூல் விளிம்பிலுள்ள பார்கோடைப் படித்துத்தான் இயங்கும். ஒன்றின் கேப்சூல் மற்றதில் பொருந்தாது. அமெரிக்காவில் கியூரிக் நிறுவனம் 2014-ல் பிறர் கேப்சூல் வேலை செய்யாதபடி மெஷினுக்குப் பூட்டுப் போட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததும், சொந்தத் தூளை நிரப்பும் வசதியைத் திரும்பக் கொண்டுவருவதாக 2015-ல் அறிவித்தது.

ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: பிற நிறுவனக் கேப்சூல் பொருந்துமா? திரும்பத் திரும்ப நிரப்பும் ஸ்டீல் கேப்சூல் போட்டால் வாரண்டி செல்லுமா? உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். பழுதுபார்ப்புத் தகவல்களை ஓரிடத்தில் தர மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘ரைட் டு ரிப்பேர்’ தளத்தில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாதாமாதம் கேப்சூல் அனுப்பும் சந்தாவில் சேர்ந்தால், விலகும் வழியை முதலில் கண்டுபிடியுங்கள். சேர்வதை எளிதாக்கி விலகுவதைச் சிக்கலாக்கும் தந்திரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன.

உப்புத் தண்ணீரும் கொதிநீரும்

ஒயிட்ஃபீல்டு, வர்த்தூர் போன்ற பகுதிகளில் பல குடியிருப்புகள் போர்வெல், டேங்கர் தண்ணீரை நம்பியிருக்கின்றன. கடினநீரின் உப்பு மெஷினின் குழாய்களில் படியும். உப்புப் படிவால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

கொதிநீர் தெறிப்பதும் நிஜமான ஆபத்து. அந்தக் காரணத்துக்காகவே 2014 டிசம்பரில் கியூரிக் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 70 லட்சம் மெஷின்களைத் திரும்ப அழைத்தது. சூட்டுக்காயம் பற்றி 90 புகார்கள் வந்திருந்தன. நம் நாட்டில் குறையுள்ள பொருளால் காயம்பட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம்.

குப்பை யார் பொறுப்பு?

ஃபில்டர் சக்கை நேராக ஈரக்குப்பைக்கோ பூந்தொட்டிக்கோ போகும். கேப்சூலில் ஈரச் சக்கை உள்ளே, அலுமினியமோ பிளாஸ்டிக்கோ வெளியே. குப்பையைப் பிரித்தே தரவேண்டும் என்று 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்திய ‘இரண்டு தொட்டி, ஒரு பை’ முறையில் அதை அப்படியே எந்தத் தொட்டியிலும் போட முடியாது. வெட்டி, சக்கையை எடுத்து, கழுவிய பிறகே கூடு உலர் கழிவாகும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 2016-ல் அரசு அலுவலகச் செலவில் கேப்சூல் வாங்குவதையே நிறுத்தியது.

‘மறுசுழற்சிக்கு உகந்தது’, ‘மக்கும்’ என்ற வாசகங்களை அப்படியே நம்பவும் வேண்டாம். மறுசுழற்சி பற்றித் தவறாக விளம்பரம் செய்ததற்காக 2022-ல் கியூரிக் கனடா 30 லட்சம் கனடிய டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் பசுமை வாசகங்களுக்கு ஆதாரம் காட்டவேண்டும் என்று 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வந்துள்ளன. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஃபில்டர் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை

சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்கவேண்டும். இரண்டின் சதவீதமும் பொட்டலத்தில் இருக்கவேண்டும். கடையில் சில்லறையாக அரைத்து வாங்கினால் கலவை விகிதத்தை பில்லில் எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் தூளைத் தூவுங்கள்: காபி மிதக்கும், சிக்கரி நிறம் இறங்கியபடி கீழே போகும்.

முறையிடுவது எப்படி?

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யவேண்டும். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில், வாரண்டி அட்டை, மெஷினின் வரிசை எண், பழுதின் படம் நான்கும் கையில் இருந்தால் போதும்.

நாளுக்கு ஒரு கோப்பை குடிப்பவர், கிராம் விலையும் வாரண்டி விதிகளும் தெரிந்து மெஷின் வாங்கினால் தவறில்லை. நாலு பேர் இரண்டு வேளை காபி குடிக்கும் வீட்டுக்குச் செலவிலும் குப்பையிலும் ஃபில்டர்தான் லாபம். எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். 1915 என்ற எண்ணை இன்றே போனில் பதிந்து வையுங்கள்.