குதிரைகள் இல்லாத லாயம்

குறிகாட்டுவானில் படகேறினால் நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். எமது வேலணைப் பெண்கள் குழுவினர் அங்குள்ள சகோதரிகளின் சிறுசேமிப்புக் குழுவைச் சந்திக்கப் போயிருந்தோம். கூட்டம் முடிந்தபின் படகுக்கு நேரம் இருந்ததால் பழைய குதிரை லாயத்தைப் பார்க்கப் போனோம்.

லாயம் என்று போனால் அங்கே நிற்பவை தூண்கள்தான். முருகைக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பருத்த தூண்கள், வரிசை வரிசையாக. கூரை இல்லை. நாங்கள் போனபோது ஆடுகள் தூண் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

தீவுக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர் என்பர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இங்கே அவற்றைப் பெருக்கி வளர்த்தனர். தங்கள் ஊர்ப் பெயர்களையும் தீவுகளுக்குச் சூட்டினர்: நெடுந்தீவு டெல்வ்ற், எங்கள் வேலணை லைடன். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். நோலன் என்ற அதிகாரியின் காலத்திலும் குதிரை வளர்ப்பு நடந்தது. அவரைப் பற்றித் தீவில் வழங்கும் கதைகளில் பெண்கள் பட்ட பாடும் உண்டு. கல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஏனோ எழுதுவதில்லை. பிறகு குதிரைகளின் தேவை ஒழிந்தது. லாயம் கைவிடப்பட்டுப் பாழடைந்தது. இன்று அது தொல்லியற் சின்னம், உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கும் இடம். குதிரைகளோ கட்டாக்காலிகளாக வெளியில் திரிகின்றன. வறட்சிக் காலங்களில் தண்ணீரின்றி அவை செத்து விழுந்ததும் உண்டு.

எங்களுடன் வந்த ஓர் அம்மா தூணொன்றைத் தடவியபடி நின்றார். "என்ரை வீடும் உப்பிடித்தான் பிள்ளை கிடக்கு. சுவர் நிக்குது, கூரை இல்லை."

அது அவருடைய சீதன வீடு. 1990இல் பிள்ளைகளோடு ஓடியவர், பல வருடங்கள் கழித்துத் திரும்பியபோது நிலை, யன்னல், ஓடு எதுவும் இருக்கவில்லை. மூத்தவளைப் பெற்றெடுத்த அறையில் ஆட்டுப் புழுக்கை. இடையில் அங்கு யார் யாரோ இருந்ததற்கு அடையாளமாகச் சுவரில் கரிப்புகை. கணவர் காணாமற்போய்விட்டார். அயலில் கொட்டில் போட்டு இருக்கிறார்.

"இளையவளுக்கு எழுதிக் குடுப்பம் எண்டால், அவர் கையெழுத்து வைக்காமல் ஒண்டும் செய்யேலாது எண்டினம். அவரை எங்கை போய்த் தேட?"

இதே கேள்வியுடன் எத்தனையோ சகோதரிகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார்கள். தேசவழமைக்கு உட்பட்ட மனைவிக்குச் சீதனக் காணி சொந்தமே. ஆயினும் அதை விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடையாக எழுதவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படி. ஆனால் கணவர் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெற அதே சட்டத்தில் வழியுண்டு. காணாமற்போனவர்களுக்கு 2016 முதல் காணாமற்போனமைக்கான சான்றிதழும் பெறலாம். "செத்துப்போனார்" என்று எழுத மனம் வராதவர்களுக்கு அது ஓர் ஆறுதல். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வீட்டைத் திருத்திக் குடியிருக்கவோ எவருடைய கையெழுத்தும் தேவையில்லை.

அம்மா நான் சொன்னதை இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். பிறகு பேசவில்லை. ஆடுகளை எழுப்பாமல் தூண்களுக்கிடையே காலடி வைத்து அளந்துகொண்டு போனார்.

திரும்பும் படகில் காற்றுக் கடுமை. பாதிப் பேர் தலைசுற்றிச் சுருண்டுவிட்டார்கள். அம்மா மட்டும் நிமிர்ந்திருந்து, பனஞ்சிலாகை இப்போது என்ன விலை என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.