தார் எந்தத் தோளில்?

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சிறுகதை வந்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் படைப்பதாகத் தாயுமானவரிடம் வேண்டிக்கொண்ட ஓர் அப்பா, அறுபத்தைந்து வயதில் தாரைச் சுமந்துகொண்டு மலைக்கோட்டைப் படியேறுகிறார். வியாழன் மதியத்துக்குள் படம் வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் என்றார் உதவி ஆசிரியர்.

படித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. அடுத்த நிமிடமே வேறு யோசனை வந்துவிட்டது. தாரை எந்தத் தோளில் வைத்திருப்பார்? காம்பு முன்னால் இருக்குமா, பின்னாலா? இன்னொரு கை என்ன செய்யும்? எழுதியவர் ‘சுமந்து’ என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டார். வரைகிறவளுக்கு அந்த வசதி இல்லை.

இருபத்திரண்டு வருடமாகப் பத்திரிகைக் கதைகளுக்கும் குழந்தைகள் புத்தகங்களுக்கும் படம் போடுகிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். அப்பா பெரிய கடைவீதிக் கடைகளுக்கு போர்டு எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்தபின் அவருடைய பிரஷ்கள் என் மேசைக்கு இடம் மாறின. கதைப் படங்களில் வரும் பணம் மட்டும் குடும்பத்துக்குக் காணாது. கல்யாணப் பத்திரிகை, பள்ளிப் பயிற்சி நூல் என்று எது வந்தாலும் செய்கிறேன். ஆனாலும் காலை ஐந்தரைக்கு அம்மா மண்டபம் படித்துறையில் நோட்டும் பென்சிலுமாக உட்காரும் அரைமணி நேரத்தை எந்த வேலைக்காகவும் விட்டதில்லை. அங்கே நான் முகம் வரைவதில்லை. ஈரப் புடவையைப் பிழியும் முழங்கை, தர்ப்பணத்துக்குக் குனிந்த முதுகு, வழுக்கும் படியில் முதலில் ஊன்றுகிற கட்டைவிரல். இவை போதும்.

இந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர் ஒரு பரிசல்காரர். வேலைக்கு வந்த புதிதில் ஒரு கதைக்குப் பரிசல் வரைந்தேன். ஓட்டுகிறவர் பக்கவாட்டில் துடுப்புப் போடுவதாகப் படம். அச்சாகி வந்த இதழைப் படித்துறையில் அவரிடம் பெருமையோடு காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏம்மா, இப்புடிப் பக்கத்துல போட்டா அது நின்ன எடத்துலயே சுத்திக்கிட்டுல்ல கெடக்கும்?” என்றார். பிறகு என்னை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். முன் விளிம்பில் குந்தி, எட்டித் துடுப்பை இறக்கி, தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். அந்த இழுப்பின் பின்னாலேயே வட்டப் பரிசல் போகிறது. அன்றிலிருந்து ஒரு வேலையைப் பார்க்காமல் அதை வரைவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

திருச்சியை எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள். 1792இல் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் வந்தார்கள். 1874இல் எட்வர்ட் லியர் வந்தார். அவர்களை இழுத்தது ஆற்றங்கரைச் சமவெளியில் 83 மீட்டர் உயரத்துக்குத் தனியே எழுந்து நிற்கும் மலைக்கோட்டைப் பாறை. அழகான படங்கள்தான்; மனிதர்கள் அவற்றில் எறும்பு அளவு. 19ஆம் நூற்றாண்டில் பாறையின் காலடியில் வாழ்ந்த ஓவியர்கள் மனிதர்களை வரைந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். மைக்கா என்கிற காக்காப்பொன் தகட்டில் வரைவதற்குத் திருச்சிராப்பள்ளி அப்போது பேர்போன இடம். குயவர், தச்சர், தண்ணீர் சுமப்பவர், கூடை முடைபவர் என்று தகட்டுக்கு ஒருவராக, தொகுப்பு தொகுப்பாக வரைந்து வெள்ளைக்கார சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் விற்றார்கள். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் அவை இருக்கின்றன.

காக்காப்பொன்னை ஏடு ஏடாக உரிக்கலாம். கண்ணாடி போலத் தெரியும், வண்ணத்தைக் குடிக்காது. அதனால் வண்ணத்தைக் கெட்டியாகக் குழைத்து மேலேயே உட்கார வைக்க வேண்டும். தகடு வளைந்தால் வண்ணம் செதிலாக உதிர்ந்துவிடும். மைக்கா ஓவியத் தொகுப்புகளில் இன்னொரு வகையும் உண்டு: ஒரே ஒரு அட்டையில் முகம் இருக்கும், மற்ற தகடுகளில் உடையும் கைகாலும் மட்டும். எந்தத் தகட்டை அட்டையின் மேல் வைக்கிறோமோ, அந்த முகம் அந்தத் தொழில்காரர் ஆகிவிடும். விளையாட்டுப் பொருளாகத்தான் செய்திருப்பார்கள். எனக்கோ அது பெரிய பாடம். முகம் மாறவில்லை, நிற்கிற தினுசு மாறியதும் ஆளே மாறிவிடுகிறார். புகைப்படமும் தபால் அட்டையும் வந்தபின் அந்தத் தொழில் போயிற்று. அந்தத் தகடுகளில் பெரும்பாலும் வரைந்தவர் பெயர் இருக்காது. என் அப்பா எழுதிய போர்டுகளிலும் அவர் பெயர் இருந்ததில்லை.

புதன்கிழமை காலை ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து மெயின்கார்டு கேட்டில் இறங்கினேன். மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, தாயுமானவர் சன்னதிக்குப் போகும் படியில் ஒரு திருப்பத்தில் சுவரோரம் உட்கார்ந்தேன். வெள்ளத்தில் வரமுடியாமல் போன தாய்க்குப் பதில் சிவனே தாயாக வந்து ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தார் என்பது தலக்கதை. அதனால் இங்கே வாழைத்தார் வராத நாள் குறைவு. ஏழு மணிக்கு ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் வலது தோளில் துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் தாரை வைத்திருந்தார். காம்பு முன்னால், அதை வலது கை பிடித்திருந்தது. இடது கை தொடையை அழுத்தி ஒவ்வொரு படிக்கும் உடம்பைத் தள்ளியது.

“மாமா, குடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன்” என்றார் பின்னால் வந்தவர்.

“வேணாம் மாப்ளே. வேண்டிக்கிட்டது நானு.”

எனக்கு எதிரில் அவர் தோள் மாற்றினார். இரண்டு கையாலும் தாரைத் தூக்கி, தலையைக் குனிந்து அதன் அடியில் நுழைத்து மறுபக்கம் எடுத்தார். இரண்டு விநாடிதான். அந்த நேரம் முகம் முழுக்கக் காய்களுக்குப் பின்னால். கழுத்து நரம்பும், விலகிய துண்டும், அகல ஊன்றிய பாதமும் மட்டும் தெரிந்தன.

அவர்கள் போனபின் நான் மேலே ஏறினேன். உச்சிப்பிள்ளையாருக்குப் போகும் வழியில் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரை இருக்கிறது. ‘சித்திரகாரப்புலி’ என்று பட்டம் வைத்துக்கொண்ட அரசன் அவன். உள்ளே கங்காதரர் சிற்பம். ஒரு கை சடையை நீட்டிப் பிடிக்க, கங்கை சிறு பெண்ணாக இறங்குகிறாள். மடித்த காலை ஒரு பூதகணம் தாங்குகிறது. எத்தனை தரம் பார்த்தாலும் என் கண் இடுப்புக்குத்தான் போகும். பாரம் வாங்கும் உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்தச் சிற்பி எங்கோ சுமைதூக்குகிறவர்களிடம் பார்த்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் அதைப் புறப்பாடுதோறும் பார்க்கலாம். உற்சவர் நம்பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் சிம்ம கதி, சர்ப்ப கதி என்று நடை மாற்றும்போது, சிங்கமும் பாம்பும் அவர்கள் முழங்காலில்தான் பிறக்கின்றன. பல்லக்குக்கு அங்கே ‘தோளுக்கினியான்’ என்று பெயர்.

மதியம் வீட்டுக்கு வந்து வரைய உட்கார்ந்தேன். இரண்டு பக்கப் படத்துக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. நடு மடிப்பில் முக்கியமான எதுவும் விழக்கூடாது. தைத்தபின் அது உள்ளே போய்விடும். தலைப்புக்கு இடம் விட வேண்டும். கதையின் முடிவைப் படம் சொல்லிவிடக்கூடாது. மெல்லிய கோடு திரையில் துல்லியமாகத் தெரியும், பத்திரிகைத் தாளில் காணாமல் போகும். அதனால் கோட்டுக்குச் சதை வைக்க வேண்டும். நான் இன்னமும் நிப்பில் மை தொட்டுத்தான் வரைகிறேன். வண்ணம் மட்டும் ஸ்கேன் செய்தபின் கணினியில்.

மேசைக்கு எதிரே சில்பியின் கோட்டோவியங்களை ஒட்டி வைத்திருக்கிறேன். 1919இல் நாமக்கல்லில் பிறந்த பி.எம்.சீனிவாசன் அவர். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தவர். பக்கத்தில் கோபுலு. ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு அவர் போட்ட படங்களில் நாதஸ்வரம் வாசிப்பவரின் கன்னம் மட்டுமில்லை, உட்கார்ந்த இடமே ஊதும். வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகினார். கை வலிக்கிற நாட்களில் அந்தப் பக்கம் பார்ப்பேன்.

தோள் மாற்றும் அந்த இரண்டு விநாடியையே வரைந்தேன். பாறைச் சுவர் இடது பக்கம், ஆள் வலது பக்கம், மடிப்பில் வெறும் படிகள். வியாழன் பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினேன். உடனே போன்.

“அக்கா, படம் நல்லாருக்கு. ஆனா அப்பாவோட மூஞ்சியே தெரியலையே?”

“கழுத்தைப் பாருங்க தம்பி. அப்புறம் பாதத்தைப் பாருங்க.”

ஆசிரியரிடம் காட்டிவிட்டுச் சொல்வதாக வைத்தார். அரைமணி கழித்துச் செய்தி வந்தது: தலைப்பு சுவர்ப் பக்கம் வருகிறது, படத்தில் எதையும் மாற்ற வேண்டாம். நான் மட்டும் இன்னொரு தரம் பார்த்தேன். துண்டின் மடிப்பு சன்னமாக இருந்தது. அதைக் கொஞ்சம் கறுப்பாக்கி மறுபடி அனுப்பினேன்.