கம்பியில்லா வலையும் வாயிற்காவலும்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடும் சாலைகளைக் கண்டவர் ஒன்றை அறிவர். உப்பிட்ட தோற்கட்டு வண்டியினின்று இறங்கியவுடன், ரகம் பிரிப்பதில் கைதேர்ந்த ஒருவர் ஒவ்வொரு தோலையும் புரட்டிப் பார்க்கிறார். அழுகியதும் கிழிந்ததும் அப்பொழுதே ஒதுக்கப்படும். அவ்வாறன்றி, அத்தோல் ஊறல் தொட்டியிலும் சுண்ணாம்புத் தொட்டியிலும் கிடந்து, சதை நீக்கப்பெற்று, ஆவாரம்பட்டைச் சாறும் குடித்த பின்னர், 'இஃது உதவாது' என்று கண்டால், செலவான நீரும் கூலியும் நாளும் மீளுமோ? தீர்ப்பு எவ்வளவு முன்னே நிகழ்கிறதோ, அவ்வளவுக்கு நஷ்டம் குறையும்.

கணிப்பொறி வலைகளிலும் இதே நியாயம் வழங்குகிறது. ஒரு கடிதமோ படமோ பேச்சோ வலையிற் செல்லுங்கால் முழுமையாகச் செல்வதில்லை. சிறு சிறு துண்டங்களாக நறுக்கப்பட்டு, ஒவ்வொன்றின்மேலும் அனுப்புவோர் பெறுவோர் விலாசம் பொறிக்கப்பட்டுச் செல்கிறது. இத்துண்டத்தைப் பாக்கெட் என்பர். இக்கட்டுரையில் யாம் அதனைப் பொதி என்போம். கம்பி வழியாகவோ வான் வழியாகவோ வரும் பொதியை முதலில் ஏற்பது வலைக்கருவி. அக்கருவியை இயக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். டிரைவரிடமிருந்து பொதியானது கர்னல் என்னும் உள்ளறைக்குச் சென்று, அங்கே தனக்கென நினைவகத்தில் இடம் ஒதுக்கப்பெற்று, பல மேசைகளைக் கடந்து, இறுதியில் உரிய நிரலிடம் சேர்கிறது. வேண்டாத பொதியொன்று இம்மேசைகளையெல்லாம் கடந்த பின் எறியப்படுமாயின், அது சாறு குடித்த அழுகல் தோலுக்கு ஒப்பாகும்.

இக்குறையைக் களைய வழி வகுத்தோருள் முதன்மையானவர், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேகப்சன் என்னும் இருவர். 1992-ஆம் ஆண்டில் அவர்கள் பி.பி.எப். என்னும் பொதி வடிகட்டியை எழுதி வெளிப்படுத்தினர். 'இன்ன பொதி வேண்டும், இன்னது வேண்டா' என்னும் விதியைச் சிறு நிரலாக எழுதிக் கர்னலிடம் கொடுத்தால், அது தானே விதியை நடத்தி, வேண்டியவற்றை மட்டும் மேலே அனுப்பும். 2014-இல் அலெக்ஸி ஸ்டாரோவொய்டோவ் முதலியோரின் உழைப்பால் இம்முறை விரிவடைந்து, இ.பி.பி.எப். என்னும் பெயரோடு லினக்ஸின் 3.18-ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

அயலார் எழுதிய நிரலை உள்ளறைக்குள் விடுதல் அபாயமன்றோ எனின், அதற்கும் விடை உண்டு. நிரல் உள்ளே ஏறுமுன், சரிபார்ப்பான் ஒன்று அதன் ஒவ்வொரு வழியையும் நடந்து பார்க்கிறது. முடிவின்றிச் சுழலுமோ, தனக்கு உரித்தல்லாத நினைவிடத்தைத் தொடுமோ என்று சோதித்து, ஐயம் எழுமாயின் ஏற்க மறுத்துவிடும். ஆகவே உள்ளறையை இடித்துக் கட்டாமலும், இயந்திரத்தை நிறுத்தாமலும், புதிய விதியை ஏற்றவும் பழையதை இறக்கவும் இயலுகிறது.

2016-இல் லினக்ஸின் 4.8-ஆம் பதிப்பு இந்நிரலை டிரைவரின் வாயிலுக்கே கொண்டுவந்து நிறுத்திற்று. இதற்கு எக்ஸ்.டி.பி. என்று பெயர். நினைவகத்தில் இடம் ஒதுக்குமுன்னரே, பொதி வந்து இறங்கிய களத்திலேயே தீர்ப்புக் கூறப்படுகிறது: எறிக, மேலே விடுக, வந்த வழியே திருப்புக, வேறொரு வாயிலுக்கு அனுப்புக. இவையே முக்கியத் தீர்ப்புகள். 2018-இல் இதனை ஆக்கியோர் வெளியிட்ட ஆய்வுரையின்படி, செயலகத்தின் ஒரே கரு வினாடிக்கு 2 கோடியே 40 லட்சம் பொதிகளைக் கையாண்டது. தோல் மண்டி வாயிலில் நின்ற அம்மனிதரே இங்கு நிரல் வடிவில் நிற்கிறார் எனலாம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். கம்பி வலைக்கு இத்துணை நன்மை செய்த இக்காவலனைக் கம்பியில்லா வலையின் டிரைவரிலும் நிறுத்திவிட்டாற் போதாதோ? போதாது என்பதே விடை. அதற்குக் காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, பொதியின் உடை வேறு. எக்ஸ்.டி.பி. நிரல் எதிர்பார்ப்பது ஈதர்நெட் என்னும் கம்பி வலையின் தலைப்பு. வைஃபை டிரைவரிடம் வருவதோ வேறு தலைப்பு அணிந்தது, மறைமொழியாற் பூட்டப்பட்டது, பல பொதிகள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டும், சில சமயம் முன்பின் மாறியும் வருவது. கட்டவிழ்த்து, பூட்டுத் திறந்து, வரிசைப்படுத்திய பின்னரே விலாசத்தைப் படிக்க இயலும். அதற்குள் வாயிலைத் தாண்டிப் பல மேசைகள் கடந்துவிடுகின்றன. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக 2017-இல் வந்த எக்ஸ்.டி.பி. முறையொன்று உண்டு. ஆயினும் அஃது இடம் ஒதுக்கிய பின்னரே நிகழ்வதாதலின், வேகத்தால் வரும் இலாபம் பெரிதும் குறைந்துபோம். புதிய வைஃபை சில்லுகள் சில, தலைப்பு மாற்றத்தையும் பூட்டுத் திறத்தலையும் தாமே செய்து தருகின்றன. அத்தகையவற்றில் தடை பெரிதும் நீங்கும்.

இரண்டாவது காரணமே முக்கியமானது. தோலில் அரியது நீரும் நாளும். கம்பி வலையில் அரியது செயலகத்தின் நேரம். கம்பியில்லா வலையில் அரியது வானம். ஒரு வாய்க்காலில் ஒரு சமயத்தில் ஒருவரே பேசலாம். ஏனையோர் காத்திருத்தல் வேண்டும். 1500 பைட் கொண்ட ஒரு பொதி வினாடிக்கு 54 மெகாபிட் வேகத்திற் சென்றால், அதன் உடலுக்கு மட்டும் மில்லி வினாடியிற் கால் பங்கும் ஆகாது. அதுவே 1 மெகாபிட் வேகத்திற் சென்றால் 12 மில்லி வினாடி வானத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே வந்து சேர்ந்த பொதியை டிரைவரின் வாயிலில் எறிவதனால் செயலகம் பிழைக்குமேயன்றி வானம் பிழையாது. அது செலவாகித் தீர்ந்த பின்னரன்றோ பொதி வாயிலை அடைகிறது?

எம் விடுதியில் இதனை நாள்தோறும் காண்கிறோம். மாலையில் யாவரும் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கையில், நீண்ட தாழ்வாரத்தின் கோடியிலுள்ள நண்பர் ஒருவர் தம் கருவியைத் திறப்பார். குறி மெலிந்த இடமாதலின் அவருடைய பொதிகள் மிக மெதுவாகச் செல்லும். உடனே எல்லாருடைய வேகமும் அவருடைய வேகத்துக்கு இறங்கிவிடும். பொதிகளை எண்ணிச் சமமாகப் பங்கிட்டால் நேரத்தைப் பெரும்பாலும் விழுங்குபவர் மெதுவானவரே. 2017-இல் டோக்கே ஹொய்லாண்ட்-யோர்கன்சன் முதலியோர், பொதியை எண்ணாமல் வானத்தில் கழியும் நேரத்தை அளந்து பங்கிடும் முறையை லினக்ஸின் வைஃபைப் பகுதியிற் புகுத்திக் காட்டினர். விதி நியாயமாகத் தோன்றினும், எதை அளக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் நியாயம் என்பது இதனால் விளங்கும்.

அப்படியாயின் விதியை எழுதும் உரிமை யாரிடம் இருத்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு நூல்களில் தேடுவதைவிடத் தேனியிற் காண்பது நலம்.

1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளையொன்று தேனியில் உண்டு. சுற்றுப்புறத்துச் சிற்றூர்களில் சிறு கண் பார்வை மையங்களை நிறுவி, அங்குள்ள பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைச் சோதிக்க, தேனியிலுள்ள மருத்துவர் படத்தின் வாயிலாக நோயாளியோடு முகம் பார்த்துப் பேசுவதென்று ஏற்பாடு. அதற்கு வேண்டிய வலைத்தொடர்பை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழுவினர், விலை மலிந்த வைஃபை கருவிகளைக் கோபுரங்களில் ஏற்றி அமைத்தனர். இந்திய அரசும் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டுவதில்லை என விலக்களித்திருந்தது.

ஆனால் வைஃபையின் விதிகள் ஓர் அறைக்கும் ஒரு கட்டடத்துக்கும் எழுதப்பட்டவை. ஒவ்வொரு பொதிக்கும் 'பெற்றேன்' என்னும் விடை உடனே வரவேண்டும். வாராவிடில் பொதி தொலைந்ததென்று கொண்டு மீண்டும் அனுப்பப்படும். 15 கிலோமீட்டர் தூரத்துக்கு ரேடியோ அலை போய்வர 100 மைக்ரோ வினாடி ஆகும். கருவியோ அத்துணை நேரம் பொறுத்திராது. விடை வந்துகொண்டிருக்கையிலேயே அது மறுபடி அனுப்பத் தொடங்கும், இரண்டும் மோதும். அன்றியும், 'பிறர் பேசுகிறாரா என்று கேட்டுப் பின் பேசு' என்னும் விதி, இரு முனைகளும் ஒன்றையொன்று காலத்திற் கேட்க முடியாத தூரத்திற் பொருளற்றதாகிறது. நல்ல கருவியும் நல்ல வானமும் இருந்தும், விதி இடத்துக்குப் பொருந்தாமையால் வலை தளர்ந்தது.

அக்குழுவினராகிய ரபின் பத்ரா, செர்ஜியு நெடெவ்ஸ்கி, சொனேஷ் சுரானா, லக்ஷ்மிநாராயணன் சுப்பிரமணியன் முதலியோர் செய்தது யாதெனின், டிரைவரைத் திருத்திப் பொதிதோறும் விடை கேட்கும் வழக்கத்தை நிறுத்தி, அதன்மேல் தம் விதிகளை நிரலாக எழுதி வைத்தனர். கிளிக் என்னும் நிரற்கட்டு அதற்குக் கருவியாயிற்று. பல பொதிகளுக்குச் சேர்த்து ஒரே விடை. இரு முனைகளுக்கும் மாறி மாறிப் பேச முறைவைத்த நேரம். தொலைந்ததை ஊகித்து மீட்க உதவும் உபரிப் பொதிகள். 2007-இல் வெளியான அவர்கள் ஆய்வுரை, சாதாரண வைஃபையைக் காட்டிலும் 2 முதல் 5 மடங்கு வரை செய்தி சென்றதாகக் கூறுகிறது. அதற்கு முன்னரே 2005-இல், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு இருவரும், ஒரே கோபுரத்திலுள்ள கருவிகள் யாவும் ஒருங்கே பேசி ஒருங்கே கேட்கும் முறையொன்றை வகுத்திருந்தனர்.

இதிலிருந்து அறியத்தக்கது யாது? கருவி மாறவில்லை, விதி மாறிற்று. டிரைவரின் மூலநிரல் பூட்டப்பட்டிருப்பின், அம்மாற்றம் நிகழ்ந்திராது. பார்வை மங்கிய ஒரு கிழவி பஸ் ஏறி நெடுந்தூரம் போகாமல், தன் ஊரிலேயே மருத்துவரின் முகங்கண்டு பேசியது, யாரோ எழுதிய விதியை வேறொருவர் திறந்து திருத்த முடிந்தமையால் என்பதை நாம் மறத்தலாகாது.

அன்று அவர்கள் டிரைவரையே மாற்ற வேண்டியிருந்தது. உள்ளறையில் ஒரு பிழை நேரின், கோபுரத்தின்மேலுள்ள இயந்திரம் நின்றுபோம். ஒருவர் ஏறித்தான் சரிசெய்தல் வேண்டும். இன்று இ.பி.பி.எப். நிரலாயின், சரிபார்ப்பான் முன்னரே தடுத்துக் காக்கும். இயந்திரத்தை நிறுத்தாமலே விதியை மாற்றலாம். வைஃபை டிரைவர்களில் இதற்கு இடம் தருதலின் உண்மைப் பயன் இதுவே. வேகம் அதன் ஒரு பகுதியே.

எனினும் மிகைபடக் கூறுதல் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 'பெற்றேன்' என்னும் விடை, பொதி முடிந்த 10 மைக்ரோ வினாடியிற் புறப்பட வேண்டும். அதனைச் சில்லே செய்கிறது. பல சில்லுகளின் உட்பொதிந்த நிரல் உற்பத்தியாளரிடம் பூட்டப்பட்டே கிடக்கிறது. அவ்வறைக்குள் நம் விதி செல்லாது. மேலும் தேனி வலையை நடத்தியோர் கண்ட பெருந்தொல்லைகளுள் ஒன்று மின்சாரத்தின் நிலையின்மை. ஏறியிறங்கும் மின்சாரத்தால் கருவிகள் பழுதாயின. எத்துணை நுண்ணிய நிரலும் கெட்ட மின்சாரத்துக்கு மருந்தாகாது. உள்ளூர்ப் பணியாளரைப் பயிற்றுவித்த பின்னரே வலை நிலைபெற்றது.

நம் பாலாற்றுப் பகுதிக்கு இதனால் ஆவது என்ன? 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பின், தோல் சாலைக் கழிவுநீரைச் சுத்தி செய்தலும் அளத்தலும் இத்தொழிலின் உயிர்நிலையாயின. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் சாலைகள் உட்பட 17 வகைத் தொழில்களின் கழிவை இடையறாது அளந்து வலைவழி அனுப்பப் பணித்தது. தகரக் கூரை ரேடியோ அலையைத் திருப்பும். ஈரத்தோல் அதனை உறிஞ்சும். இத்தகைய சாலையில் கம்பியில்லா வலை வைப்போர்க்கு, அளவைக் கருவியின் சிறு பொதி காலத்திற் சேர்தலே முதற் கவலை. அங்கே அலுவலகத்துக் கணிப்பொறிகள் 'யார் அங்கே?' என்று யாவரையும் நோக்கிக் கூவும் பொதுப் பொதிகள், மிகத் தாழ்ந்த வேகத்தில் ஒலிபரப்பாகி வானத்தை விழுங்கும். அவற்றைக் கம்பியிலிருந்து வானத்துக்கு ஏறுமுன், வலைக்கருவியின் கம்பி வாயிலில் எக்ஸ்.டி.பி. நிரலால் எறியலாம், வானத்தை நோக்கிய வெளிவாயிலில் டி.சி. என்னும் மற்றொரு பகுதியின் நிரலால், அளவைப் பொதிக்கு முதலிடம் தரலாம். சில பத்து வரிகளில் எழுதக்கூடிய விதியே இது. காவலனை வானம் செலவாகுமுன் நிறுத்த வேண்டும் என்பதே இதன் சூத்திரம்.

மாணவ நண்பர்களே, தோலை வாயிலிலேயே சோதிக்க வேண்டுமென்று நம் முன்னோர்க்கு எந்த நூலும் கற்பிக்கவில்லை. எது அரியதென்று தொழிலே கற்பித்தது. வலையைக் கற்பவரும் முதலில் எது அரியதென்று அளந்தறிக. பின்னர் விதி எழுதுக. நூறு ரூபாய்க்கும் குறைந்த சில்லுகளிலும் இன்று வைஃபை உண்டு. லினக்ஸின் மூலநிரலோ யாவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. நம் ஊருக்குப் பொருந்தும் விதியை நாமே எழுதும் நாள் நம் கைக்கு எட்டிய தூரத்தில்தான் உள்ளது.