நாட்டின் சராசரியும் நிந்தவூரின் வேகமும்

இணைய வேகத்தில் எந்த நாடு முந்துகிறது, எது பின்தங்குகிறது என்ற பட்டியல்களை உலகம் ஆர்வத்தோடு பார்க்கிறது. ஊக்லா நிறுவனம் அப்படியொரு பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. அதற்கு முன் பல ஆண்டுகள் அகமாய் நிறுவனத்தின் அறிக்கைதான் பெரிதும் எடுத்தாளப்பட்டது. 2017ஆம் ஆண்டின் முதல் காலாண்டுக்கான அந்த அறிக்கையில் தென் கொரியாவின் சராசரி வேகம் வினாடிக்கு 28.6 மெகாபிட். உலக சராசரி 7.2, இலங்கை 8.5, இந்தியா 6.5. உலக சராசரியையும் அண்டை நாட்டையும் இலங்கை அன்று மிஞ்சி நின்றது. ஆனால் கிழக்கே அம்பாறைக் கரையோரத்தில் நிந்தவூரிலுள்ள ஒரு வீட்டுக்கு அந்த ஆண்டு என்ன வேகம் கிடைத்தது என்பதை அந்த 8.5 சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பட்டியலில் நாட்டின் இடத்தை உயர்த்துவதைவிட, எந்த வீட்டுக்கும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு குறைந்தபட்ச வேகத்தை உறுதிசெய்வதுதான் நமக்கு முக்கியம்.

சராசரி எப்படி ஏமாற்றுகிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். ஒரு தெருவில் பத்து வீடுகள். ஒன்பது வீடுகளுக்கு 5 மெகாபிட், பைபர் எடுத்த ஒரு வீட்டுக்கு 100 மெகாபிட். கூட்டிப் பத்தால் வகுத்தால் 14.5 வரும். அந்த வேகம் அந்தத் தெருவில் ஒருவருக்கும் இல்லை. வீடுகளை வேக வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால், அதாவது பாடசாலையில் இடையம் என்று படிக்கிறோமே அதைப் பார்த்தால், 5தான். ஊக்லாவும் சராசரியைக் கைவிட்டு இடையத்துக்கு மாறியது இதனால்தான். ஆனாலும் குறை முழுதாகத் தீரவில்லை. வேகத்தைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களின் இணைப்புகளே அந்தக் கணக்கில் சேர்கின்றன. சோதனையும் வழக்கமாக அருகிலுள்ள சேவையகத்தோடு நடக்கிறது. நாம் பேசும் ஆளோ கடலுக்கு அப்பால் இருக்கிறார்.

கிழக்குக்கு வேகம் குறைவதற்குத் தூரமே காரணம் என்று சொல்வதுண்டு. இலங்கையை உலகத்தோடு இணைக்கும் கடலடிக் கேபிள்கள் கல்கிசை, கொழும்பு, மாத்தறை ஆகிய இடங்களில்தான் கரையேறுகின்றன. கிழக்குக் கரையில் ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் போகிறது. கொழும்பிலிருந்து நிந்தவூருக்கு 400 கிலோமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும், தரவு வந்து சேர 2 மில்லி வினாடி போதும். ஆகவே வேகம் விழுவதற்குத் தூரம் காரணமல்ல. பெரும்பாலும் ஊருக்குள் வந்த பிறகுதான் அது விழுகிறது. பழைய செம்புக் கம்பி இணைப்பில், தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் குறையும். கைபேசியில் ஒரு டவரின் கொள்ளளவை அதைச் சுற்றியுள்ள எல்லோரும் பங்குபோட்டுக் கொள்கிறார்கள். இஷா தொழுகை முடிந்து ஊரே வீட்டிலிருக்கும் நேரத்தில் ஒருவரின் பங்கு சுருங்குகிறது. பகலில் எடுத்த அளவு அந்த நேரத்துக்குப் பொருந்தாது.

அந்த நேரத்தில்தான் நிந்தவூர் போன்ற கரையோர ஊர்களுக்கு இணையம் அதிகம் வேண்டும். கட்டாரிலும் சவூதியிலும் வேலை முடிந்து வந்த வாப்பா பிள்ளையின் முகம் பார்க்க அழைப்பது அப்போதுதான். வீடியோ அழைப்புக்கு டவுன்லோட் வேகம் மட்டும் போதாது. வீட்டிலிருந்து படம் வெளியே போகும் அப்லோட் வேகமும் வேண்டும். தலைப்புச் செய்தியாகும் எண்ணோ டவுன்லோட் மட்டுமே. இதில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு பாடம். கைபேசி வேகத்தில் அண்மைய ஆண்டுகளில் ஊக்லா பட்டியலின் உச்சியில் இருக்கும் நாடு அது. ஆனால் வாட்ஸ்அப் அழைப்புக்கு அங்கே நெடுங்காலமாகத் தடை. டுபாயிலிருந்து நிந்தவூருக்குப் பேச விரும்பும் தொழிலாளிக்கு உலகின் முதலிடத்தால் கிடைத்த பயன் என்ன? வேகம் ஒரு கருவி. அதை எதற்குப் பயன்படுத்த முடிகிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

65,610 சதுர கிலோமீட்டர் கொண்ட சிறிய நாட்டுக்கு ஊர் ஊராகக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரே தெருவுக்குள்ளேயே வேறுபடும் ஒன்றை, நாடு சிறியது என்பதற்காக ஒரே எண்ணில் அடக்க முடியாது. ஆட்கள் குறைந்த இடத்தில் முதலீடு கட்டுப்படியாகாது என்பது அடுத்த வாதம். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை வீடுகள் நெருங்கி நிற்கும் இந்தக் கரையோரத்துக்கு அது பொருந்தாது. படம் பார்க்கத்தானே வேகம் கேட்கிறார்கள் என்பாரும் உண்டு. கொரோனாக் காலத்தில் பாடம் நடந்ததே இணையத்தில்தான். பல்கலைக்கழக மாணவர்கள், பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாகக் கட்டணமின்றிப் படிக்க அன்று வசதி செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு அது. ஆனால் டேட்டா இலவசமானாலும், சிக்னல் தளர்ந்த வீட்டில் விரிவுரை விட்டுவிட்டுத்தான் கேட்கும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை வைத்திருக்கும் ஒரு பகுதிக்கு இது சின்ன விடயமல்ல. 2025இல் ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே என்றால், அது கட்டணம் கட்ட முடிந்தவருக்கான வழி, ஊருக்கான தீர்வல்ல.

குறைந்தபட்ச வேகத்தைச் சட்டமாக்குவது கனவல்ல. பின்லாந்து 2010 ஜூலையில் 1 மெகாபிட் இணைப்பை ஒவ்வொருவரின் சட்ட உரிமையாக்கியது. பிரித்தானியாவில் 2020 மார்ச் முதல் 10 மெகாபிட் டவுன்லோட், 1 மெகாபிட் அப்லோட் கொண்ட இணைப்பைக் கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது. சராசரி எவ்வளவு உயர்ந்தாலும் கடைசி வீடு தானாக உயராது என்று கண்டதால் வந்த சட்டங்கள் இவை. நமது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் மக்கள் கேட்க வேண்டியதும் இதுவே: ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும், இரவு நெரிசல் நேரத்தில், டவுன்லோடையும் அப்லோடையும் அளந்து பகிரங்கமாக வெளியிடுங்கள், குறைந்தபட்ச வேகம் இன்னது என்று நிர்ணயித்து, அதற்குக் குறைந்தால் கட்டணத்தில் கழிவு கொடுக்கச் செய்யுங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால், நிந்தவூர் மக்கள் முறைப்பாட்டோடு நிற்காமல் ஆதாரத்தோடு பேசலாம்.