அருங்காட்சியகத்தில் இன்றைய ஜேர்மன் திரைப்படங்கள்: ஒரு விளக்கம்

எமது மாநகர அருங்காட்சியகத்தின் சிற்றரங்கில் இப்பருவத்தில் சமகால ஜேர்மன் திரைப்படங்கள் தொடராகத் திரையிடப்படுகின்றன. நாள், நேரம், கட்டணம் ஆகிய விபரங்களை இவ்வழிகாட்டியின் நிகழ்ச்சி அட்டவணையில் காணலாம். ஜேர்மன் மொழி அறியாத தமிழ்க் குடும்பம் ஒன்று இத்தொடருக்கு ஏன் செல்ல வேண்டும், செல்லுமுன் எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே விளக்க முற்படுகிறோம்.

கிறிஸ்தியான் பெற்சோல்ட் இயக்கிய 'ட்ரான்சிட்' (2018) என்னும் படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நாற்சிகளிடமிருந்து தப்பியோடி மார்செய் துறைமுகத்தில் சிக்கிக்கொண்டவர்களின் கதை இது. எழுத்தாளர் அன்னா சேகர்ஸ் அத்துறைமுகத்திலிருந்தே 1941இல் கப்பலேறி மெக்சிக்கோ சென்றவர். அவருடைய நாவலே படத்துக்கு மூலம். ஆயினும் இயக்குநர் பழங்கால உடைகளையோ வாகனங்களையோ காட்டவில்லை. இன்றைய தெருக்களில், இன்றைய பொலிஸ் வண்டிகளுக்கு நடுவே அந்த அகதிகள் அலைகிறார்கள். நகரில் தங்குவதற்கு அனுமதி வேண்டுமாயின், நகரைவிட்டு வெளியேறப் போவதை நிரூபிக்க வேண்டும். செல்லும் நாட்டின் விசா கிடைத்தால் வழியிலுள்ள நாட்டின் இடைவழி விசா வேண்டும். அது கைக்கு வருவதற்குள் முன்னையது காலாவதியாகிவிடும். தூதரக வரிசையில் நின்ற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எம்மவருக்கும் ஜேர்மனிக்கும் இடையே இதனிலும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. 1980களின் முற்பகுதியில் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயில் மூலம் மேற்கு பேர்லினுக்குள் சென்றனர். கிழக்கு ஜேர்மனி இடைவழிப் பயணத்தைத் தடுக்கவில்லை. மேற்குத் தரப்போ பேர்லினை ஒரே நகரமெனக் கருதியதால், அந்த எல்லையைச் சர்வதேச எல்லையாக ஏற்றுக் கடவுச்சீட்டைச் சோதிக்கவில்லை. இரு அரசுகளின் சட்ட நிலைப்பாடுகளுக்கு இடையே இருந்த அந்த இடுக்கினூடாகவே எம்மவர் நடந்து சென்றனர். 1985இன் நடுப்பகுதியில், செல்லும் நாட்டின் விசா இல்லாத இலங்கையருக்கு அவ்வழி அடைக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மீட்கப்பட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர்களை ஏற்றிய கப்பல் புறப்பட்டதும் மேற்கு ஜேர்மனியிலிருந்தே.

ஆகவே பேர்லின் மதிலைப் பற்றிய படங்கள் எமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. அவற்றுள் மிகவும் அறியப்பட்டது, ஒஸ்கார் விருது பெற்ற 'மற்றவர்களின் வாழ்க்கை' (2006). கிழக்கு ஜேர்மனியின் உளவுத்துறையான ஸ்ராசியின் அதிகாரி ஒருவர், நாடக ஆசிரியர் ஒருவரின் வீட்டில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, மேல்மாடத்தில் அமர்ந்து இரவுபகலாக ஒட்டுக்கேட்கிறார். மதில் விழுந்த பின்னர் அந்த ஆசிரியர் ஆவணக் காப்பகத்துக்குச் சென்று, தம்மைப் பற்றிய கோப்புகளைப் புரட்டும் காட்சியைக் கவனித்துப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறோம். அது கற்பனையன்று. 1991 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1992 முதல் எவரும் தம்மைப் பற்றி ஸ்ராசி எழுதியவற்றைக் கேட்டு வாசிக்க முடிந்தது. பாதிக்கப்பட்ட பிறரது விபரங்கள் மறைக்கப்பட்டன. தகவல் கொடுத்தவரின் உண்மைப் பெயரோ கேட்டால் தரப்பட்டது. அயலவரின் பெயரை, சிலவேளை உறவினரின் பெயரை, அவ்வாறு அறிந்தவர்கள் உண்டு. சட்டம் பயின்றவன் என்ற வகையில் சொல்வதாயின், ஓர் அரசு தன் குடிமக்களுக்கு எதிராக எழுதிவைத்ததை அக்குடிமக்களின் கையிலேயே ஒப்படைத்தமை மிக அரிய செயல்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இப்படம் நீண்ட விசாரணைக் காட்சியுடன் தொடங்குகிறது; உறங்கவிடாமல் ஒருவர் வினவப்படுகிறார். பின்னர் தற்கொலை நிகழ்வுகளும் வருகின்றன. தடுப்புக்காவலை அனுபவித்தவர்களும் அவர்களை அழைத்து வருபவர்களும் இதை முன்னரே அறிந்திருப்பது நன்று. கதவோர இருக்கையைக் கேட்டுப் பெறலாம். இடையில் எழுந்து செல்வதை எவரும் தவறாகக் கருதமாட்டார்கள்.

பெற்சோல்ட்டின் 'பார்பரா' (2012) அதே காலத்தை அமைதியான முறையில் கூறுகிறது. நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்த குற்றத்துக்காக ஒரு பெண் மருத்துவர் நாட்டுப்புற வைத்தியசாலைக்கு மாற்றப்படுகிறார். இயக்குநரின் பெற்றோரும் கிழக்கிலிருந்து தப்பி வந்தவர்களே.

பிள்ளைகளுடன் செல்ல விரும்புவோர் யாசெமின் சம்தெரெலியின் 'அல்மான்யா' (2011) படத்தைத் தெரிவு செய்யலாம். ஜேர்மனி 1961இல் துருக்கியுடன் ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை வரவழைத்தது. அவர்களை 'விருந்தினர் தொழிலாளர்' என அழைத்தனர். விருந்தினர் திரும்பிச் செல்வர் என்பது அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. 1964இல் பத்து இலட்சமாவது தொழிலாளராக வந்திறங்கிய போர்த்துக்கேயர் ஒருவருக்குக் கொலோன் ரயில் நிலையத்தில் மொப்பெட் வண்டி பரிசளிக்கப்பட்டது வரலாறு. படத்தின் தாத்தா அவருக்கு அடுத்ததாக வருகிறார், பரிசு இல்லை. குடும்பம் ஜேர்மனியில் இறங்கும் காட்சிகளில் துருக்கியர் தெளிவான ஜேர்மன் பேச, ஜேர்மானியர் எவருக்கும் விளங்காத உளறல் மொழி பேசுகின்றனர். மொழி தெரியாமல் வந்திறங்கியவரின் செவியை இதைவிட எளிதாகக் காட்டிவிட முடியாது. வகுப்பறை வரைபடத்தில் தன் தாத்தாவின் ஊர் இல்லையென்று கண்ட ஆறு வயதுப் பேரன், நாம் துருக்கியரா ஜேர்மானியரா என வீட்டில் கேட்கிறான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து திரும்பும் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி இது.

மாரென் ஆடேயின் 'டோனி எர்ட்மான்' (2016), குறும்புக்காரத் தந்தையையும் அலுவலே வாழ்வென இருக்கும் மகளையும் பற்றிய நகைச்சுவை. மிகச் சிறந்த படம். ஆனால் 2 மணி 42 நிமிடம் நீள்வது, நிர்வாணக் காட்சிகளும் கொண்டது. பேரப்பிள்ளைகளையும் பாட்டியையும் ஒன்றாக அழைத்துச் செல்ல வேண்டாம். பாடசாலையில் நிகழும் திருட்டும் அதைக் கண்டுபிடிக்க ஆசிரியை செய்யும் இரகசியக் காணொளிப் பதிவும் 'ஆசிரியர் அறை' (2023) படத்தின் பொருள். பதின்ம வயதினருக்கு இது ஏற்றது.

படங்கள் யாவும் ஜேர்மன் ஒலியுடனும் ஆங்கிலத் துணைத்தலைப்புகளுடனும் காட்டப்படும். ஆங்கிலத்தை விரைந்து வாசிக்க இயலாதோருக்காகத் தமிழில் கதைச்சுருக்கத் தாள் நுழைவாயிலில் வைக்கப்பட்டிருக்கும், கேட்டுப் பெற்றுக்கொள்ளவும். அருங்காட்சியகத் திரையிடல் வணிகத் திரையரங்கு போன்றதன்று. தொடக்கத்தில் அறிமுக உரையும் முடிவில் கலந்துரையாடலும் உண்டு. தமிழ் உரைபெயர்ப்பு தேவைப்படுவோர் பத்து வேலை நாள்களுக்கு முன்னர் சபைக்கு அறிவிக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கலந்துரையாடலில் வினாக்களைத் தமிழிலேயே தொடுக்கலாம். பேர்லின் வழியாக வந்த அனுபவம் உடையவர்கள் தாம் பேச விரும்புவதை முன்கூட்டித் தெரிவித்தால், நேரம் ஒதுக்குமாறு ஒழுங்கமைப்பாளரிடம் கேட்டுக்கொள்வோம். பேச விரும்பாதவர்களிடம் எவரும் கேட்கமாட்டார்கள்.