கலியாணத்துக்கு வந்தவர்களை எங்கே கூட்டிப்போவது?

கோடை விடுமுறை வந்துவிட்டால் எம்மவர் வீடுகளில் கலியாணங்களும் வந்துவிடும். லண்டனில் இருந்து சித்தப்பா குடும்பம், கனடாவில் இருந்து மாமி, பாரிசில் இருந்து ஒன்றுவிட்ட சகோதரங்கள், விசா கிடைத்தால் ஊரில் இருந்து அம்மம்மா. வெள்ளிக்கிழமை வந்து இறங்குவார்கள். சனி தாலிகட்டு, ஞாயிறு களைப்பு, திங்கள் பயணம். இவ்வளவு காசு செலவழித்து நோர்வேயின் மேற்குக் கரைக்கு வந்தவர்கள் பேர்கன் நகரில் எதைக் கண்டார்கள் என்று கேட்டால், விமான நிலையம், மண்டபம், எங்கள் வீட்டுச் சோபா, அவ்வளவுதான்.

அண்மையில் ஒரு கலியாணவீட்டில் அக்கா தங்கை இருவர் இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு சந்தித்தார்கள். நாலு நாளும் இருவரும் குசினிக்குள்ளேதான். ஒருவர் வெங்காயம் உரிக்க மற்றவர் பலகாரம் சுட, சுற்றிவர ஆட்கள். திங்கட்கிழமை விமான நிலையத்தில் தங்கை அழுதுகொண்டே சொன்னார்: "அக்காவோட ஆறுதலா ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்கேல்லை." அந்த வீட்டில் இருந்து மலைக்கு ஏறும் ரயிலடி இருபது நிமிடம்தான். அவர்களை அங்கே அனுப்பிவிட்டு வெங்காயத்தை நாங்கள் உரித்திருக்கலாம். ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை. வந்து குடியேறிச் சில வருடங்களே ஆன குடும்பங்களில் பலர் தாங்களே இந்த இடங்களைப் பார்த்ததில்லை. "உதெல்லாம் கப்பலில் வாற வெள்ளைக்காரருக்கு" என்று விட்டுவிடுகிறோம்.

முதலில் மழையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பேர்கனில் வருடத்துக்கு 2,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்து மழையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே மழை விடட்டும் என்று காத்திருந்தால் விருந்தினர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போவார்கள். வருமுன்பே ரெலிபோனில் சொல்லிவிடுங்கள்: கூறைச்சேலையோடு ஒரு மழை ஜக்கற்றும், வழுக்காத சப்பாத்தும் கட்டாயம். கடற்கரைக் காற்றில் குடை பிரண்டு போகும்.

கலியாணத்துக்கு வந்தவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது ஒரு கலியாண மண்டபத்தைத்தான். துறைமுக வாயிலில் நிற்கும் ஹோகன் அரசனின் கல்மண்டபத்தில் 1261ஆம் ஆண்டு, அவனுடைய மகன் மக்னுசுக்கும் டென்மார்க் இளவரசி இங்கபோர்க்குக்கும் திருமண விருந்து நடந்தது. 1944 ஏப்ரல் 20இல் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று வெடித்ததில் கூரை எரிந்து மண்டபம் பாழாயிற்று. நாடு விடுபட்டபின் திருத்தி எழுப்பி, முதற் கலியாணம் நடந்து எழுநூறாவது வருடமான 1961இல் திறந்தார்கள். குண்டுவீச்சில் இடிந்த கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் கண்டுவந்த எங்கள் பெரியவர்களுக்கு இந்த மண்டபத்தின் கதையை விளக்கத் தேவையில்லை.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் பிறிகன். சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்ந்து நிற்கும் அந்த மரவீடுகளின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவை எழுந்தது கருவாட்டுக் காசில் என்று சொல்லுங்கள், அம்மம்மா நிமிர்ந்து பார்ப்பார். வடக்கே லொபோதன் தீவுகளில் பிடித்த கொட் மீனை உப்பில்லாமல், குளிர்காற்றில் மட்டும் உலரவிட்டு இங்கே கொண்டுவந்தார்கள். 1360 அளவில் இருந்து ஜேர்மன் வணிகர்கள் தானியம் கொண்டுவந்து கொடுத்து அதை வாங்கிப் போனார்கள். இங்கே தங்கியிருந்த ஜேர்மன் ஆண்களுக்குக் கலியாணம் முடிக்க அனுமதி இல்லை. மாப்பிள்ளைத் தோழர்களுக்குச் சொல்ல நல்ல கதை. 1702இல் எல்லாம் எரிந்து, பழைய முறையிலேயே மீண்டும் கட்டினார்கள். 1979இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. வீடுகளுக்கு இடையிலான பலகை ஒழுங்கைகளுக்குள் நடக்கக் காசு இல்லை. பக்கத்து மீன்சந்தையைச் சுற்றிப் பாருங்கள், சாப்பிடுவதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தட்டு மீனுக்குக் கொடுக்கும் காசில் வீட்டில் ஒரு சட்டி குழம்பு வைக்கலாம்.

புளோயன் மலைக்கு 1918இல் இருந்து இழுவை ரயில் ஓடுகிறது. நகர நடுவில் ஏறினால் சில நிமிடங்களில் கடல்மட்டத்தில் இருந்து 320 மீற்றர் உயரத்தில் இறக்கிவிடும். முழங்கால் வருத்தக்காரரும் பிள்ளை வண்டிக்காரரும் பயமில்லாமல் போகலாம். மேலே சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் உண்டு, கோடையில் ஆடுகள் அவிழ்த்துவிட்டபடி திரியும். பத்து நிமிடம் நடந்தால் ஒரு சிறு குளம். கலியாணத்தில் மிஞ்சிய றோல்சையும் வடையையும் கட்டிக்கொண்டு, பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு அங்கே போய் இருங்கள். ஜூன் மாதத்தில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். எனவே ஞாயிறு மாலை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் புறப்பட்டாலும் பிந்தாது. இளையவர்கள் இறங்கும்போது நடந்தே வரட்டும், அரைவாசி ரிக்கற் மிச்சம்.

643 மீற்றர் உல்றிக்கன் இதைவிட உயரம், கேபிள் காரில் போகலாம். ஆனால் காற்றுக் கடுமையானால் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். மழை விடாத நாளில் பிள்ளைகளை நூர்ட்னெஸ் முனையில் உள்ள மீன்காட்சிச் சாலைக்கு விடுங்கள். பென்குயினும் கடல்நாயும் உணவு உண்ணும் நேரத்துக்குப் போனால் நல்லது.

கரையோரத்தில் பிறந்த எங்கள் ஆண்களுக்கு ஒரு செய்தி. நோர்வேயில் கைத்தூண்டில் போட்டுக் கடல்மீன் பிடிக்க அனுமதிப்பத்திரமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். வெளிநாட்டில் இருந்து வந்தவருக்கும் அப்படியே. பிடித்ததை விற்கத்தான் கூடாது. ஆற்று மீனுக்கு இது பொருந்தாது. நகரத் துறைமுகத்துக்குள் பிடித்ததைச் சமைக்காதீர்கள், அடியில் பழைய நஞ்சுக் கழிவு உண்டு. வெளித்தீவுப் பக்கம் போங்கள். ஜூலை, ஓகஸ்டில் மக்கரல் மீன் வரும். வல்வெட்டித்துறைப் பெரியப்பா ஒருவரின் கையில் தூண்டிலைக் கொடுத்துப் பாருங்கள், அன்றைக்கு அவருக்கு ரெலிவிஷன் தேவைப்படாது.

கார் இருந்தால் கார்டாங்கர் பக்கம் நூர்கைம்சுண்டுக்கு ஒன்றரை மணித்தியாலம். அங்கே ஸ்ரைன்ஸ்டால் அருவியின் பின்புறமாகவே நடந்து போகலாம், நனையாமல். மணமக்களின் படத்துக்கு இதைவிட இடம் தேட வேண்டாம். மே மாதக் கலியாணமானால் வழியில் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும். புளொம் ரயிலுக்கு முழுநாள் வேண்டும்: மிர்டாலில் இருந்து 20 கிலோமீற்றரில் 860 மீற்றருக்கு மேல் கீழிறங்கிக் கடலடிக்கு வரும். அழகுதான், ஆனால் ஐந்துபேர் குடும்பத்துக்கு ரிக்கற் காசு கடிக்கும். கடன்பட்டுக் கலியாணம் செய்த வீட்டுக்காரர் அதையும் தன் தலையில் போடவேண்டியதில்லை. போக விரும்புகிறவர் தன் காசில் போகட்டும்.

திங்கட்கிழமை விமான நிலையத்துக்கு 2017இல் இருந்து நகர நடுவிலேயே ஏறும் மின்ரயில் ஓடுகிறது. முக்கால் மணித்தியாலப் பயணம், மூன்று கார் ஒழுங்குசெய்து ஓடித்திரியத் தேவையில்லை. விமானம் பின்னேரமானால் காலையில் பொதிகளை வீட்டில் விட்டுவிட்டு, அதே பாதையில் பன்ரொப்டில் இறங்கி மரக்கோயிலைப் பார்த்து வரலாம். பழையதை 1992இல் எரித்தார்கள், இப்போது நிற்பது 1997இல் முடித்தது. அக்காவையும் தங்கையையும் மட்டும் அனுப்புங்கள். நிழலில் மரங்கள் நிறைய, ஆட்கள் குறைவு.